கீரிமலையிலிருந்து தெல்லிப்பழைக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலே, உப்புக்கடலின் அலைகள் வந்து மோதும் கரையை ஒட்டி, நன்னீர் ஊறும் கேணிகள் உள்ளன. ஆடவர்க்கு ஒன்றும் பெண்டிர்க்கு ஒன்றுமாக அமைந்த அக்கேணிகளே கீரிமலைத் தீர்த்தம் எனப்படுவன. குடாநாட்டின் அடியிற் பரந்து கிடக்கும் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலே தேங்கிய மழைநீரே கடலோரத்தில் ஊற்றாக வெளிப்படுகின்றது என்பர் நிலநூலார். கீரிமுகம் கொண்ட நகுலமுனிவர் இந்நீரில் ஆடித் தம் முகம் மாறப் பெற்றார் என்றும், குதிரைமுகம் கொண்ட சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி இங்கே நீராடி நோய் நீங்கி, மாவிட்டபுரத்துக் கந்தசுவாமி கோயிலை எடுப்பித்தாள் என்றும் ஐதிகம் கூறும். நோய் தீர வேண்டுமென்று மக்கள் இந்நீரை நாடி வருவதும், ஆடி அமாவாசையன்று இறந்த தந்தையர்க்குக் கடன் கழிக்க வருவதும் இவ்வூரின் பழைய வழக்கங்கள். பிணிதீர்க்கும் நம்பிக்கையும் பிரிவின் துயரமும் ஒரே கரையிற் கூடுகின்ற ஊர் கீரிமலை.

இவ்வூரிலே, கல்விப் பொதுத் தராதர உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக் கொண்டிருக்கும் பத்தொன்பது வயது மாணவன் ஒருவனை நேயர்கள் தம் மனக்கண்முன் நிறுத்துவாராக. அவனுக்கு ஒரு பெயர் வேண்டியதில்லை; எந்த வீட்டுப் பிள்ளையாகவும் அவன் இருக்கலாம். கழுத்தின் ஒருபுறத்தே ஒரு கட்டி தோன்றுகின்றது. நோவில்லை. நோவில்லாமையால் எவரும் அதனைப் பொருட்படுத்தவில்லை. சில வாரங்களிலே உடல் மெலிகின்றது. மாலையிற் காய்ச்சல் காய்கின்றது. இரவில் வேர்த்து, உடுத்த துணியும் பாயும் நனைகின்றன. பரீட்சைக்காக விழித்திருந்து படித்த களைப்பென்று தாய் எண்ணுகின்றாள். வைத்தியரிடம் காட்டியபோது, கட்டியை அறுத்தெடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்கின்றார். விடை வருகின்றது: நிணநீர்க் கணுக்களிலே தோன்றும் ஒருவகைப் புற்றுநோய், ஹொட்ஜ்கின் நோய் என்பது அதன் பெயர்.

இந்த விடை வந்த நாளுக்கும் முதல் மருந்து உடலில் ஏறும் நாளுக்கும் இடையே சில நாட்களோ சில வாரங்களோ கழிகின்றன. நோயை வெல்வது மருந்தின் வேலை. ஆயினும் அம்மருந்தை இடையிலே கைவிடாமல் இறுதிவரை ஏற்கும் திறன் பெரும்பாலும் இவ்விடைநாட்களிலேயே உருவாகின்றது. இந்நாட்களை வீட்டாரும் ஊராரும் எவ்வாறு கழிக்கின்றனர் என்பதே இன்று நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருள்.

முதலிற் பெயரைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். தமிழிலே புற்று என்றவுடன் பாம்பு நினைவுக்கு வருகின்றது. கிரேக்க மருத்துவரோ இந்நோய்க்கு நண்டின் பெயரை இட்டனர். இரண்டும் அச்சந்தரும் பெயர்களே. இந்நோயைத் தீர்க்க வழியறியாத காலத்திலே இடப்பட்ட பெயர்கள் அவை. அக்காலத்து அச்சமும் அவற்றோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. புற்றுநோய் என்பது ஒரே நோயன்று. பலவகை நோய்களுக்கு அது பொதுப்பெயர். அவற்றுள் விரைந்து கொல்வனவும் உண்டு; மெல்ல வளர்வனவும் உண்டு; முற்றாகக் குணமாவனவும் உண்டு. எனவே, ‘புற்றுநோய்’ என்ற ஒரு சொல்லைக் கேட்ட மாத்திரத்தே ஒப்பாரி வைப்பது, ‘காய்ச்சல்’ என்ற சொல்லைக் கேட்டவுடன் உயிர் போயிற்று என்று எண்ணுவதை ஒக்கும்.

நம் மாணவனுக்கு வந்த நோயின் வரலாற்றை நோக்குவோம். இலண்டன் மாநகரத்து மருத்துவராகிய தோமஸ் ஹொட்ஜ்கின் 1832ஆம் ஆண்டில் இதனை முதன்முதலாக விவரித்தார். அதன் பின் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக, உடலிற் பரவிய நிலையிலே இந்நோயுற்றோர் பிழைப்பது அரிதாயிருந்தது. 1964ஆம் ஆண்டிலே அமெரிக்க நாட்டுத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் வின்சன்ற் டிவிற்றா என்பவரும் அவருடைய துணைவரும் நான்கு மருந்துகளைச் சேர்த்து முறைப்படி கொடுக்கத் தொடங்கினர். தனித்தனியே கொடுத்தபோது தோற்ற மருந்துகள் சேர்த்துக் கொடுத்தபோது வென்றன. முற்றிய நோயாளரிலும் ஏறத்தாழப் பாதிப்பேர் நெடுங்காலம் நலமுற்று வாழ்ந்தனர். 1970களிலே இத்தாலி நாட்டு மிலான் நகரத்து மருத்துவர் ஜியான்னி பொனடோனா வேறு நான்கு மருந்துகளைக் கொண்ட முறையொன்றை வகுத்தார். இன்றும் உலகின் பல நாடுகளிலே அம்முறை வழங்குகின்றது. இந்நோய் இளைஞரையே மிகுதியாகத் தேடி வருகின்றது. ஆயின், நல்ல மருத்துவ வசதி வாய்ந்த நாடுகளிலே இந்நோயுற்றோரில் பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு மேற்பட்டோர் ஐந்தாண்டு கடந்தும் வாழ்கின்றனர். தொடக்கநிலையிற் கண்டவர்க்கு நம்பிக்கை இன்னும் மிகுதி.

அந்நான்கு மருந்துகள் பிறந்த வரலாறு சுவை மிக்கது. டொக்சோறூபிசின் என்பது இத்தாலிய மண்ணிலே வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து கிடைத்த மருந்தின் வழி வந்தது. பிளியோமைசின் என்பதை யப்பானிய அறிஞர் உமெசாவா அத்தகைய மற்றொரு நுண்ணுயிரிலிருந்து கண்டறிந்தார். டகார்பசீன் ஆய்வுகூடத்திலே ஆக்கப்பட்டது. வின்பிளாஸ்ரீன் என்பதோ நம் வீட்டு முற்றங்களிலும் கோயில் வீதிகளிலும் தானாகவே முளைத்துப் பூக்கின்ற பட்டிப்பூச் செடியிலிருந்து வந்தது. தமிழகத்தார் அதனை நித்தியகல்யாணி என்பர். யமேக்காத் தீவிலே நீரிழிவுக்கு மருந்தென்று மக்கள் குடித்துவந்த அவ்விலையை, 1952ஆம் ஆண்டிற் கனடா நாட்டுக்கு ஒருவர் அனுப்பிவைத்தார். அங்கே றொபேட் நோபிள், சாள்ஸ் பியர் ஆகிய இருவரும் ஆராய்ந்து, அது நீரிழிவைத் தணிக்கவில்லை, வெண்குருதிக் கலங்களையே குறைக்கின்றது என்று கண்டனர். அக்குறையே குணமாயிற்று, 1958ஆம் ஆண்டிலே அது புற்றுநோய் மருந்தாக அறியப்பட்டது.

இதனைக் கேட்டவுடன் பட்டிப்பூ இலையை அவித்துக் குடிக்கலாமே என்று எவரும் எண்ணலாகாது. அவ்விலையிலே பல்வகை நச்சுப் பொருள்கள் கலந்துள்ளன. பெருங்குவியலான இலையிலிருந்து மிகச் சிறிதளவு மருந்தையே பிரித்தெடுத்து, தூய்மை செய்து, நோயாளியின் உயரத்துக்கும் நிறைக்கும் ஏற்ப அளந்து, நாளத்தின் வழியே செலுத்துகின்றனர். முற்றத்துச் செடிக்கும் மருந்துக்குப்பிக்கும் இடையே உள்ள தூரம் பல்லாண்டு உழைப்பால் ஆன தூரம். அதனை ஓர் இரவிலே அடுப்படியிற் கடந்துவிட முயல்வது உயிருக்கு ஆபத்தாகும்.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்திலே, மருத்துவத்துக்கு நான்கு கூறுகள் உண்டென்று வகுத்துள்ளார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து உதவுவோன் என்பன அவை. இந்நான்கனுள் நோயுற்றவனை முதலில் வைத்தமை கருதத்தக்கது. நம் வீடுகளிலோ நோயுற்றவனையே கடைசியில் வைக்கின்றோம். விடை வந்தவுடன் தந்தைக்குச் சொல்வர்; மாமனுக்குச் சொல்வர்; வெளிநாட்டிலுள்ள தமையனுக்குத் தொலைபேசியிற் சொல்வர். நோயைச் சுமக்கின்றவனுக்கு மட்டும், “ஒன்றுமில்லைத் தம்பி, சாதாரணக் கட்டிதான்” என்று சொல்வர். அன்பினாற் சொல்லும் பொய்தான் அது. ஆயினும் அப்பொய் எத்தனை நாள் நிற்கும்? புற்றுநோய் வைத்தியசாலையின் வாயிலிலே பெயர்ப்பலகை உண்டு. பத்தொன்பது வயதினனுக்கு அதனை வாசிக்கத் தெரியும். அடுத்த கட்டிலிலே கிடப்பவர் தம் நோயின் பெயரைச் சொல்வார். அப்பொழுது அவன் நோயை மட்டும் அறிவதில்லை; தன் வீட்டார் தன்னிடம் மறைத்தனர் என்பதையும் அறிகின்றான். மறைக்கத்தக்க அளவுக்கு நிலைமை கொடியது என்று அவன் எண்ணிக்கொள்கின்றான். அதன் பின் “குணமாகும்” என்று வீட்டார் கூறும் உண்மையையும் அவன் நம்ப மாட்டான்.

ஆகவே, உண்மையை அவனுக்கே சொல்லுதல் வேண்டும். அவன் தாங்கும் அளவிலே, அவன் கேட்கும் வேகத்திலே சொல்லுதல் வேண்டும். நோயின் பெயரைச் சொல்லும்போதே அதற்குரிய சிகிச்சையையும் சேர்த்துச் சொல்லலாம். மருத்துவர் முன்னிலையிற் சொல்வது மிகவும் நன்று. அவன் அழுதால் அழ விடுதல் வேண்டும். “ஆம்பிளைப்பிள்ளை அழலாமா?” என்று தடுப்பது துயரத்தை உள்ளே பூட்டிவைப்பதாகும். அவன் பேசாதிருந்தால், பேசாது அருகில் இருப்பதே போதும். “எனக்கு ஏன் வந்தது?” என்று கேட்டால், எவருடைய பாவமும் காரணமன்று, இந்நோய் தொற்றுவதன்று, அவன் செய்த எந்தத் தவறும் இதனைக் கொண்டுவரவில்லை என்று தெளிவாகக் கூறல் வேண்டும். தங்கையின் கலியாணப் பேச்சுக்காலுக்குத் தடையாகும் என்று அஞ்சி, அவனை அறைக்குள் ஒளித்து வைக்கும் வீடுகளும் உண்டு. ஒளித்து வைக்கப்பட்டவன் தன்னைக் குற்றவாளியாகவே கருதுவான். ஊர் என்ன சொல்லும் என்ற கவலைக்கு ஓர் இளைஞனுடைய மனத்தைப் பலியிடுதல் அறமாகாது.

இனி, நோயின் படிநிலையை அறியும் பரிசோதனைகள் நடைபெறும். இரத்தப் பரிசோதனை, ஸ்கான் படம் என்பன ஒன்றன்பின் ஒன்றாக வரும். நோய் எத்தனை இடங்களிலே உள்ளது என்பதைக் கொண்டு ஒன்று முதல் நான்கு வரை படிகளாகப் பகுப்பர். நான்காம் படி என்று கேட்டவுடன் எல்லாம் முடிந்ததென்று கலங்க வேண்டியதில்லை. இந்நோயிலே நான்காம் படியினர்க்கும் குணப்படுத்தும் நோக்கத்துடனேயே சிகிச்சை அளிப்பர். இதயத்தின் வலிமையை எக்கோ என்னும் பரிசோதனையாலும், நுரையீரலின் நிலையை வேறொரு பரிசோதனையாலும் அறிவர். மருந்துகளில் ஒன்று இதயத்தையும் மற்றொன்று நுரையீரலையும் தாக்கக் கூடுமாதலின் இவை வேண்டப்படுகின்றன. இவற்றைத் தாமதம் என்று வெறுக்கலாகாது. புகைப்பிடிக்கும் பழக்கம் இருப்பின் அன்றே அதனை விட்டுவிடல் வேண்டும்.

வெள்ளம் வருமுன் அணை கோலுதல் போல, முதல் மருந்துக்கு முன் செய்துகொள்ள வேண்டியன சில உள. சொத்தைப் பல் இருப்பின் பல் வைத்தியரிடம் காட்டிச் செப்பஞ் செய்துகொள்ளலாம். பின்னர் வாய்ப்புண் வருங்காலத்தில் அது பெருந்தொல்லையாகும். இச்சிகிச்சைகளுட் சில பிற்காலத்திலே பிள்ளைப்பேற்றைப் பாதிக்கக் கூடும். பத்தொன்பது வயதிலே அதைப்பற்றிக் கேட்கப் பிள்ளை கூசுவான்; தாய்தந்தையரும் கூசுவர். கூச்சத்தை ஒருபுறம் வைத்து, மருந்து தொடங்குமுன்பே வைத்தியரிடம் கேட்டுவிடல் வேண்டும். விந்தணுக்களைச் சேமித்து வைக்கும் வழிகள் இன்று உள்ளன. மருந்து தொடங்கிய பின் கேட்பதினும் தொடங்குமுன் கேட்பதே பயன் தரும். சித்த மருந்தோ, ஆயுள்வேத மருந்தோ, வேறெந்தச் சூரணமோ உட்கொள்பவனாயின் அதனையும் மறைக்காமற் சொல்லல் வேண்டும். வைத்தியர் சினப்பார் என்று அஞ்சி மறைத்தாற் கேடு வைத்தியருக்கன்று.

ஒரு கொப்பியை இதற்கென்றே வைத்துக்கொள்ளுதல் நன்று. இடப்பக்கத்திலே கேட்க வேண்டிய கேள்விகள். வலப்பக்கத்திலே வைத்தியர் கூறிய விடைகள். என்ன மருந்து, எத்தனை முறை, எத்தனை மாதம், எப்பொழுது உடனே வர வேண்டும், இரவிலே எந்த எண்ணுக்குத் தொலைபேசியில் அழைப்பது என்பன அதில் இருத்தல் வேண்டும். கேள்விகளை அவனே தன் கையால் எழுதட்டும். நோய் வந்த நாள் முதலாக எல்லாவற்றையும் பிறரே தீர்மானிக்கின்றனர் என்னும் மனத்தாங்கல் இளைஞர்க்கு மிகுதி. அவ்வொரு கொப்பி அவனை நோயாளி என்ற நிலையிலிருந்து தன் சிகிச்சையிற் பங்காளி என்ற நிலைக்கு உயர்த்தும்.

மருந்து தொடங்கிய பின் நேர்வனவற்றையும் முன்கூட்டியே அறிந்திருப்பின் அச்சம் குறையும். மேற்கூறிய முறையிலே பெரும்பாலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மருந்தேற்றுவர். அவற்றுள் ஒரு மருந்தின் நிறம் செம்மை. ஏற்றிய அன்று சிறுநீரும் செந்நிறமாகும். அஃது இரத்தமன்று. குமட்டல் வரும், அதனைத் தடுக்க இன்று நல்ல மருந்துகள் உண்டு. தலைமயிர் உதிரும், சிகிச்சை முடிந்தபின் மீண்டும் முளைக்கும். உதிருமுன்பே தானாக மயிரைக் கட்டையாக வெட்டிக்கொண்டால், தலையணையிற் கற்றை கற்றையாகக் காணும் துயரம் குறையும். இவற்றினும் முக்கியமானது காய்ச்சல். நோயெதிர்க்கும் வெண்கலங்கள் குறைந்திருக்கும் நாட்களிலே உடல் வெப்பம் 38 பாகை செல்சியசை எட்டினால், நள்ளிரவாயினும் வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். விடியட்டும் என்று காத்திருத்தலும், காய்ச்சல் குளிசை கொடுத்து மறைத்தலும் உயிருக்கு உலை வைக்கும். மாரிகாலத்திலே நுளம்பால் வரும் காய்ச்சலும் நம் பகுதியில் உண்டாதலின், ‘இது டெங்கா, வேறெதுவா’ என்று வீட்டிலிருந்து ஆராய்தல் வேண்டா. அதனை ஆராய்வது வைத்தியர் கடன். வெப்பமானி ஒன்றை வாங்கி வீட்டில் வைத்தலும், இரவிலே வாகனம் தரக்கூடிய அயலவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தலும் வீட்டார் கடன்.

கொதித்தாறிய நீர், புதிதாகச் சமைத்த சோறு, நன்கு வெந்த மீனும் முட்டையும் ஆகியன போதும். விலையுயர்ந்த சத்துமாப் பேணிகளைத் தேடிக் கடன்பட வேண்டியதில்லை. பார்க்க வருவோர் தடிமனோ இருமலோ உள்ளவராயின், வாயிலோடு நின்று நலம் விசாரித்துச் செல்வதே அவர் செய்யும் உதவி.

இங்கே கீரிமலைக்கே உரிய ஒரு வினா எழுகின்றது. “பிள்ளையைக் கேணியிலே நீராட்டினால் நோய் தீருமே” என்று அம்மம்மா சொல்வாள். நகுலமுனிவர் கதையைக் கேட்டு வளர்ந்தவள் அவள். அவளுடைய நம்பிக்கை எள்ளி நகைக்கத்தக்கதன்று. ஆயினும் வெண்கலங்கள் குறைந்த உடலோடு, பலரும் மூழ்கும் பொதுக் கேணியிலே இறங்குதல் நோய்த்தொற்றுக்கு வழி கோலும். அவளிடம் “மூடநம்பிக்கை” என்று சீறுவதாற் பயனில்லை. “அம்மம்மா, மருந்து எல்லாம் முடிந்து, டொக்டர் சரியென்று சொன்ன பிறகு நாங்கள் எல்லோரும் சேர்ந்து போவோம், அதுவரைக்கும் நீங்கள் போய் எனக்காகக் கும்பிடுங்கோ” என்று பேரனே சொன்னால் அவள் ஏற்பாள். அவளுடைய நேர்த்தியும் நிற்கும், மருந்தும் தடைப்படாது. நம்பிக்கை மருந்துக்குத் துணையாக நிற்கும்போது நோயாளிக்கு வலிமை தருகின்றது. மருந்தின் இடத்தைப் பிடிக்கும்போது அவன் காலத்தைக் களவாடுகின்றது. இந்நோயிலே இழக்கலாகாத செல்வம் காலமே.

கீரிமலை மக்களுக்குச் சிகிச்சை இன்று எட்டாத் தொலைவில் இல்லை. போரினால் 1990ஆம் ஆண்டிலே வலிகாமம் வடக்கு மக்கள் ஊரை விட்டு இடம்பெயர்ந்தனர். ஊர் ஆளரவமற்றுப் போயிற்று. அக்காலத்திலே புற்றுநோயுற்ற வடபகுதி மக்கள் பலர், கொழும்புக்கு அண்மையிலுள்ள மகரகம வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டியவராயினர். பாதை மூடிய நாட்களிலே அதுவும் அரிதாயிற்று. கடல் கடந்து சென்னை அடையாற்றுப் புற்றுநோய் நிலையத்தை நாடியோரும் உண்டு. அந்நிலையம், தம் தங்கை புற்றுநோயால் மாண்ட துயரத்தை மறவாத டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களால் 1954ஆம் ஆண்டிலே பன்னிரண்டு கட்டில்களோடு தொடங்கப்பட்டது. அங்கே 1955 முதல் பணியாற்றிய டாக்டர் சாந்தா அவர்கள் 2021ஆம் ஆண்டில் மறையும்வரை அப்பணியையே வாழ்வாகக் கொண்டார்.

கீரிமலைக்குச் சில கல் தொலைவிலுள்ள தெல்லிப்பழையிலே இன்று ஒரு புற்றுநோய் வைத்தியசாலை இருக்கின்றது. அது எழுந்த வரலாறு நினைவில் வைக்கத்தக்கது. 2011ஆம் ஆண்டு யூலை மாதத்தில் நேதன் சிவகணநாதன், சரிந்த உணம்புவே ஆகிய இருவரும் இலங்கையின் தென்முனையாகிய தெய்வேந்திரமுனையிலிருந்து வடமுனையாகிய பருத்தித்துறை வரை, ஏறத்தாழ 670 கிலோமீற்றர் தூரத்தை 27 நாட்களில் நடந்தனர். ஒருவர் தமிழர், ஒருவர் சிங்களவர். வழிநெடுக மக்கள் அவர்களோடு சேர்ந்து நடந்தனர். அந்நடையாற் சேர்ந்த நிதியைக் கொண்டு தெல்லிப்பழையில் வைத்தியசாலை எழுந்து, 2013ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. 2016ஆம் ஆண்டிலே அந்நடை திசை மாறிற்று. பருத்தித்துறையிற் புறப்பட்டுத் தெற்கே சென்றது. காலியை அடுத்த கராப்பிட்டியவிலே புற்றுநோய் வைத்தியசாலை அமைப்பதற்கு நிதி திரட்டிற்று. தெற்கிலிருந்து வடக்கே வந்த கடன் வடக்கிலிருந்து தெற்கே திரும்பியது எனலாம்.

இத்தகைய நடைக்கு முன்னோடியான இளைஞர் ஒருவர் கனடாவிலே இருந்தார். ரெரி பொக்ஸ் என்பது அவர் பெயர். 1977ஆம் ஆண்டிலே, பதினெட்டாம் வயதில், எலும்பிலே தோன்றும் புற்றுநோயால் அவருடைய வலக்கால் முழங்காலுக்கு மேலே துண்டிக்கப்பட்டது. சத்திரசிகிச்சைக்கு முந்திய நாளிரவு, அவருடைய பாடசாலைக் கூடைப்பந்துப் பயிற்றுநர் ஒரு சஞ்சிகையைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒற்றைக்காலோடு நியூயோர்க் நகரத்து நெடுந்தூர ஓட்டத்தில் ஓடி முடித்த ஒருவரைப் பற்றிய கட்டுரை அதில் இருந்தது. அவ்வாசிரியர் நோயைப் பற்றி ஆறுதல் மொழி எதுவும் கூறியிருக்க வேண்டியதில்லை. ‘நாளைக்குப் பின்னும் உனக்கு ஒரு நாள் உண்டு’ என்பதை அந்தத் தாள்களே கூறின. செயற்கைக் காலோடு ஓடப் பழகிய பொக்ஸ், 1980 ஏப்பிரல் 12ஆம் நாள் அத்திலாந்திக் கரையிலிருந்து ஓடத் தொடங்கினார். 143 நாட்களில் 5,373 கிலோமீற்றர் ஓடினார். நோய் நுரையீரலிற் பரவியமையால் நின்றார். 1981 யூன் 28ஆம் நாள், இருபத்திரண்டாம் வயதிலே மறைந்தார். அவர் பெயரால் ஆண்டுதோறும் நடைபெறும் ஓட்டங்களினால் இதுவரை 800 மில்லியன் டொலருக்கு மேற்பட்ட பணம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்துள்ளது. கனடாவிலுள்ள பாடசாலைகளிலே செப்ரெம்பர் மாதந்தோறும் பிள்ளைகள் அவர் நினைவாக ஓடுகின்றனர். யாழ்ப்பாணத்திலிருந்து சென்று குடியேறியோரின் பிள்ளைகளும் அவர்களுடன் ஓடுகின்றனர்.

பொக்ஸ் பிழைக்கவில்லையே என்று சிலர் கேட்கலாம். உண்மை. எல்லோரும் பிழைப்பர் என்று எவரும் உறுதி கூற முடியாது. அவ்வாறு கூறுதல் மற்றொரு பொய்யாகும். நம் மாணவனும் இரவிலே தனியே விழித்திருந்து, “நான் செத்துவிடுவேனா?” என்று தாயைக் கேட்கக் கூடும். அவ்வினாவை “அபசகுனமாகப் பேசாதே” என்று வாயடைத்தல் கூடாது. “குணமாவதற்கு நல்ல வழி உண்டென்று டொக்டர் சொல்கிறார். அந்த வழியிலே நாங்கள் எல்லோரும் உன்னோடு வருவோம். எது வந்தாலும் உன்னைத் தனியே விடமாட்டோம்” என்பதே உண்மையும் ஆறுதலுமாகிய விடை. இதிலே பொய் இல்லை; அச்சுறுத்தலும் இல்லை.

உடனிருந்து உதவுவோன் என்று வள்ளுவர் கூறியது தாயை மட்டுமன்று. இலங்கையிலே அரசாங்க வைத்தியசாலையிற் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. எனினும் போக்குவரத்துக்கும் உடன் செல்வோரின் நாட்கூலி இழப்புக்கும் பணம் வேண்டும். கடற்றொழிலாலோ தோட்டத்தாலோ பிழைக்கும் தந்தை மாதத்தில் நான்கு நாள் தொழிலை விட்டால் அவ்வீட்டு உலை கொதிப்பது அரிது. அயலவர் முறைவைத்து அவனை அழைத்துச் செல்லலாம். தங்கைக்கும் தம்பிக்கும் யாரேனும் பாடம் சொல்லிக் கொடுக்கலாம்; நோயாளியைச் சுற்றியே வீடு சுழலும்போது மற்றப் பிள்ளைகள் மறக்கப்படுகின்றனர். இரத்தம் வேண்டுமிடத்து நண்பர் வரிசையாகச் சென்று வழங்கலாம்.

பாடசாலைக்கும் ஒரு கடன் உண்டு. பரீட்சையை இவ்வாண்டு எழுதுவதா, அடுத்த ஆண்டு எழுதுவதா என்பதை வைத்தியரோடும் வீட்டாரோடும் கலந்து அவனே முடிவு செய்யட்டும். ஓராண்டு பிந்துவதால் வாழ்க்கை பிந்திப் போகாது. ஆயினும் “இனி உனக்கு எதற்குப் படிப்பு?” என்ற சொல் எவர் வாயிலிருந்தும் வரலாகாது. அச்சொல் அவனுக்கு எதிர்காலம் இல்லை என்று தீர்ப்புக் கூறுவதாகும். உடல் இடங்கொடுக்கும் நாட்களிலே, நண்பனொருவன் அன்றைய பாடக்குறிப்புகளைக் கொண்டு சென்று கொடுக்கட்டும். வகுப்பிலே நடந்த வேடிக்கையையும் சொல்லட்டும். மொட்டைத் தலையோடு அவன் திரும்பி வரும் நாளிலே, உற்று நோக்காமலும் ஒதுங்கிப் போகாமலும் இருக்க மற்ற மாணவர்க்கு ஆசிரியர் முன்னரே கற்பித்து வைத்தல் வேண்டும். அதுவரையில் அவனுடைய பெயர் வரவுப் புத்தகத்திலே தன் இடத்திலேயே இருக்கட்டும். நாள்தோறும் பெயர் வாசிக்கும்போது, “சிகிச்சைக்குச் சென்றுள்ளான்” என்று வகுப்புத் தோழர் விடை கூறட்டும்.